கிராஃப் காகிதத்தில் இருப்பது யாருடைய சொத்து?

கேள்வி: மேடம், காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைகளுக்கு டிசைன் போடுகிறேன். வயது 41. அப்பாவிடம் கற்ற தொழில். கடைக்காரர்களும் தறி முதலாளிகளும் ஒரு கிராஃபுக்கு, அதாவது தறிக்காகக் கட்டக் காகிதத்தில் வரைந்த டிசைனுக்கு, இவ்வளவு என்று கூலி தருவார்கள். சென்ற வைகாசியில் சொந்தமாக ஒரு கரை போட்டேன். கோபுரக் கரைக்குள் குயில்கண் வரிசை, அதன் மேல் தாமரை மொட்டுக் கொடி. முடிக்க மூன்று மாதம் ஆனது. ஒரு பெரிய கடையில் காட்டினேன், "இப்போது வேண்டாம்" என்றார்கள். பிறகு தெரிந்த முதலாளி ஒருவர் ஒரு தறியில் ஏற்றினார். முதல் சேலை இறங்கியதும் ஆசையாகப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். இரண்டே மாதத்தில் அதே கரை விசைத்தறி ஆர்ட் சில்க்கில் 1,800 ரூபாய்க்கு வந்துவிட்டது. யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. சட்டத்தில் வழி உண்டா? இனிமேல் எதையும் வெளியே காட்டக் கூடாதா? இதற்கிடையில் வேறொரு கடை மாதம் 35,000 ரூபாய் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. பழைய கிராஃப்களையும் கொண்டுவர வேண்டுமாம். பி.காம். படிக்கும் மகன், "ஏஐ ஒரு நிமிஷத்தில் நூறு டிசைன் போடும், பேசாமல் சம்பளத்துக்குப் போங்கப்பா" என்கிறான். என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காஞ்சிபுரம்

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். "சொந்தமாக ஒரு கரை போட்டேன்" என்ற இடம். யாரும் கேட்காமல், யாரும் முன்பணம் கொடுக்காமல், நீங்களாக உட்கார்ந்து போட்டது. இன்றைக்குச் சட்டப்படி உங்கள் கையில் இருப்பதெல்லாம் அந்த ஒரு வரியிலிருந்துதான் வருகிறது.

முதலில் கசப்பான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். டிசைனைப் பதிவு செய்து காப்பதற்கு நம் நாட்டில் வடிவமைப்புச் சட்டம், 2000 இருக்கிறது. கைத்தறியில் நெய்தாலும் விசைத்தறியில் நெய்தாலும், சேலையில் விழும் கோலமும் வண்ண அமைப்பும் அதற்குள் வரும். பதிவு செய்தால் 10 ஆண்டு உரிமை, விண்ணப்பித்து இன்னும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் விண்ணப்பம் போடும் நாளுக்கு முன்னால் அந்த டிசைன் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. வெளியிட்டது நீங்களே என்றாலும் விலக்கு கிடையாது. ஆக, ஆசையாகப் படம் போட்டீர்களே, அந்த நாளிலேயே இந்தக் கதவு மூடிவிட்டது. சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பலர் இதே இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

இன்னொரு கதவு இருக்கிறது. அதற்கு நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்தக் கரை வைத்து இதுவரை எத்தனை சேலை நெய்திருக்கிறீர்கள்?

காரணம் இதுதான். நீங்கள் வரைந்த கிராஃப் ஒரு கலைப்படைப்பு. பதிப்புரிமைச் சட்டம், 1957 அதை, பதிவே செய்யாவிட்டாலும், வரைந்த நாளிலிருந்து காக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் ஒரு வரம்பு உண்டு. வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்திருக்கக்கூடிய ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, அதை வைத்து உரிமையாளரோ அவருடைய அனுமதி பெற்றவரோ 50 தடவைக்கு மேல் பொருள் தயாரித்துவிட்டால், பதிப்புரிமை அதோடு முடிந்துபோகிறது. திருடியவர் தயாரித்தது இந்தக் கணக்கில் சேராது. உங்கள் பக்கத்துக் கணக்கு மட்டும்தான்.

டெல்லி உயர் நீதிமன்றத்தில் வந்த இரண்டு வழக்குகளைப் பாருங்கள். 2008-இல் ஆடை வடிவமைப்பாளர் தருண் தாஹிலியானியின் நிறுவனம் தன் ஆடை ஓவியங்களைப் பிறர் எடுத்துவிட்டார்கள் என்று வழக்காடியது. ஒவ்வொரு டிசைனிலும் 50-க்கு மேல் போகவில்லை என்பதால் பதிப்புரிமை நின்றது. 2016-இல் ரித்திகா என்ற ஆடை நிறுவனம் பீபா என்ற இன்னொரு ஆடை நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கிலும் முறையீடு ஏறக்குறைய அதேதான். ஆனால் அங்கே பதிவும் இல்லை, எண்ணிக்கையும் 50-ஐத் தாண்டியிருந்தது. வழக்கு நிற்கவில்லை.

இப்போது உங்கள் தறிக்கு வருவோம். தறியில் நீளவாக்கில் பூட்டும் ஒரு பாவு நூலில் மூன்று சேலை. குறுக்கு நூலை ஓட்டும் நாடா மூன்று போட்டு, கரை தனி உடல் தனியாகக் கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலை ஒன்று இறங்கவே இரண்டு வாரம் பிடிக்கும். நீங்கள் சொல்வது ஒரே தறி. இந்தச் சில மாதங்களில் அது 50-ஐத் தொட்டிருக்க வழியில்லை. உங்கள் தறி மெதுவாக ஓடியதே இங்கே உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. முதலாளியிடம் உடனே பேசுங்கள். எந்தத் தேதியில் எந்தச் சேலை இறங்கியது என்று நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள். வேறு தறிகளுக்கு அந்த டிசைன் குத்திய அட்டையைக் கொடுக்கும் பேச்சிருந்தால் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

அவர் உங்களுக்குப் பணம் கொடுத்ததால் டிசைன் அவருடையது ஆகிவிடாதா என்று பயப்பட வேண்டாம். பதிப்புரிமையை ஒருவருக்கு எழுதிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். வாய்ப்பேச்சில் நடந்தது நெய்துகொள்ளக் கொடுத்த அனுமதி மட்டுமே. அதுவும், அவர் கேட்டுப் போட்டதில்லை, நீங்கள் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது. நான் கோடு போட்ட வரி இங்கேதான் வேலை செய்கிறது.

அடுத்து, அந்த 1,800 ரூபாய்ச் சேலையில் ஒன்றைக் கடையில் பில் போட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கும், விற்றவர் யார் என்று அது சொல்லிவிடும். அவரிடமிருந்து பின்னோக்கிப் போனால் விசைத்தறிக்காரரையும் பிடிக்கலாம். உங்கள் கிராஃப், அட்டை, முதல் சேலையின் படம், இந்தக் காப்பி நான்கையும் பக்கத்தில் வைத்து ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். நேராக நீதிமன்றத்துக்குப் போகச் சொல்ல மாட்டேன். செலவும் அலைச்சலும் உங்களைத் தின்றுவிடும். ஆனால் நோட்டீஸ் போனால் விற்பனையை நிறுத்துகிறவர்கள் நிறைய. அடுத்த முறை உங்கள் பெயரைப் பார்த்தால் யோசிப்பார்கள்.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கோபுரக் கரையும் குயில்கண்ணும் உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. மயில்கண், ருத்ராட்சம், மல்லிமொக்கு, அன்னப்பட்சி, இருதலைப்பட்சி எல்லாம் பல தலைமுறை நெசவாளர்கள் பொதுவில் விட்டுப்போன சொத்து. அதன் மீது யாரும் உரிமை கோர முடியாது, கோரவும் கூடாது. உங்களுடையது அந்தத் தாமரை மொட்டுக் கொடி. அது குயில்கண்ணோடு சேரும் விதம். நோட்டீஸிலும் அதைத்தான் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே என்று அடுத்து கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது காப்பது பெயரை, கரையை இல்லை. அந்த ஆர்ட் சில்க்கை "காஞ்சிபுரம் பட்டு" என்று சொல்லி விற்றால் அது தனிக் குற்றம், குறியீட்டைப் பதிவு செய்தவர்கள் அதைக் கேட்கலாம். கைத்தறிக்கு ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்ற 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. அந்தச் சேலை அந்த வரையறைக்குள் வருமா என்று கைத்தறித் துறையில் காட்டிக் கேளுங்கள். இரண்டுமே உதவலாம். ஆனால் டிசைன் போட்டவரின் கூலியை இரண்டுமே பேசாது.

இனிமேல் காட்டலாமா கூடாதா என்ற கேள்விக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

கென்னத் ஆரோ என்று ஓர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர். பின்னாளில், 1972-இல், நோபல் பரிசு பெற்றவர். 1962-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் உங்கள் கதை அப்படியே இருக்கிறது. அறிவை விற்பதில் ஒரு சிக்கல் உண்டு என்றார். வாங்குகிறவர் அதைப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டார். பார்த்துவிட்டாலோ, காசு கொடுக்காமலே அது அவர் கைக்கு வந்துவிடுகிறது. அரிசி வியாபாரி ஒரு பிடி அரிசியைக் காட்டினால் மூட்டை அவரிடமே இருக்கும். நீங்கள் கிராஃபைக் காட்டினால் மூட்டையே போய்விடுகிறது. அந்தப் பெரிய கடையில் "இப்போது வேண்டாம்" என்று சொன்ன மேஜைக்கு எதிரே நீங்கள் உட்கார்ந்திருந்த நேரம்தான் இது. அவர்கள்தான் எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரம் நம்மிடம் இல்லை. யார் எடுத்திருந்தாலும் எடுக்கும்படியாகத்தான் இருந்தது என்கிறேன்.

இந்தச் சிக்கல் உங்கள் தொழிலுக்குப் புதிதும் இல்லை. நீங்கள் அட்டை குத்திப் பூட்டுகிறீர்களே, அட்டையின் துளைப்படி தறியில் இழைகளைத் தூக்கும் அந்த ஜக்கார்டு பெட்டி பிரான்ஸில் லியோன் நகரத்துப் பட்டுத்தறிகளில் பிறந்தது. ஜோசப் மாரி ஜக்கார்டு அதை 1804-ஐ ஒட்டி உருவாக்கினார். அட்டை இருந்தால் யார் வேண்டுமானாலும் அதே பூவை நெய்துவிடலாம் என்று ஆனது. 1806 மார்ச்சில் அதே லியோனுக்காக ஒரு சட்டம் வந்தது. டிசைன் போட்டவர் தன் மாதிரித் துண்டை உறையிலிட்டு, முத்திரை வைத்து, நெசவுத் தொழில் மன்றத்தில் ஒப்படைக்கலாம். தகராறு வந்தால் உறையைப் பிரித்துப் பார்ப்பார்கள். முதலில் உறை, அப்புறம் கடை. இருநூறு வருஷமாக வழி இதுதான், வரிசையும் இதுதான்.

இன்றைக்கு அந்த உறை என்பது விண்ணப்பம். வடிவமைப்பு அலுவலகம் கொல்கத்தாவில் இருக்கிறது. ஆனால் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. இணையத்தில் போடலாம், கிண்டியில் இருக்கும் அறிவுசார் சொத்து அலுவலகத்திலும் கொடுக்கலாம். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். ஒரு டிசைனுக்கு மூன்று மாதம் உழைக்கிறீர்கள், இந்த 1,000 ரூபாயைக் கணக்குப் பார்க்காதீர்கள். சான்றிதழ் வர மாதங்கள் ஆகலாம். உரிமைக்குக் கணக்கு விண்ணப்பம் போட்ட தேதிதான். அது போட்ட மறுநாள் இன்ஸ்டாகிராமில் தாராளமாகப் போடுங்கள்.

சில சமயம் விண்ணப்பத்துக்கு முன்பே ஒருவரிடம் காட்ட வேண்டி வரும். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. வடிவமைப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவைப் படித்தால் யாரோ உங்கள் தொழிலை மனதில் வைத்தே எழுதியதுபோல் இருக்கும். நம்பிக்கையின் பேரில் ஒருவரிடம் காட்டியதை அவர் நம்பிக்கைத் துரோகமாக வெளியிட்டால், அது வெளியீடாகக் கொள்ளப்படாது. பதிவு செய்யப்போகும் புதிய துணி டிசைனுக்கு ரகசியமாக வாங்கும் முதல் ஆர்டரும் அப்படியே. "துணி டிசைன்" என்று தனியாகவே குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் ரகசியம் என்று பேசிக்கொண்டதற்குச் சான்று வேண்டும். கடைக்குப் போகும் முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள்: "நாளை நான் காட்டப்போவது பதிவு செய்ய இருக்கும் புதிய டிசைன். ரகசியமாக வைத்துக்கொள்வதாக இருந்தால் கொண்டுவருகிறேன்." அவர் "சரி" என்று அனுப்பினால் போதும். அனுப்பத் தயங்கினால் அந்தக் கடைக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

சில வருஷங்களுக்கு முன்னால் உங்களைப் போலவே ஒரு பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்தார். மஞ்சப்பை நிறைய கிராஃப் சுருள்கள். ஒன்றைப் பிரித்து மேஜையில் விரித்தார், நாலு மூலையிலும் என் சட்டப் புத்தகங்களை வைத்துதான் நிறுத்த முடிந்தது. காகிதம் பழுத்திருந்தது. அடியில் ஓரமாகப் பென்சிலில் பொடி எழுத்து: ஜக்கார்டு பெட்டியில் இழையைத் தூக்கும் கொக்கி இத்தனை, இன்னார் வீட்டுத் தறி, அப்புறம் தேதி. ஒவ்வொரு சுருளிலும் அப்படி. "ஞாபகத்துக்கு எழுதுவேம்மா" என்றார். எதிர்த் தரப்பு அந்த டிசைன் தங்களுடையது என்று வாதாட வந்திருந்தது. அந்தப் பென்சில் எழுத்துகளைப் பார்த்த பிறகு பேச்சு வேறு மாதிரி ஆனது, நீதிமன்றத்துக்குப் போகாமலே முடிந்தது. உங்கள் கிராஃப்களில் தேதி இருக்கிறதா? இல்லையென்றால் பழையதற்கு இப்போது தேதி போடாதீர்கள், அது பொய்யாகிவிடும். இன்று தொடங்குவதில் போடுங்கள்.

இனி அந்தச் சம்பள வேலை. மாதம் 35,000 நிச்சயம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆடியில் வேலை இல்லாமல் உட்காரும் தொழிலில் அது பெரிய நிம்மதி. அதனால் போகவே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதை விற்கிறீர்கள் என்று தெரிந்து விற்க வேண்டும். ஊழியராகச் சேர்ந்துவிட்டால், வேலையின் பகுதியாக நீங்கள் போடும் ஒவ்வொரு டிசைனுக்கும் முதல் உரிமையாளர் கடைதான். மாற்றி எழுதிக்கொண்டால் ஒழிய சட்டம் அப்படித்தான் பார்க்கும். அது கூட நியாயம் என்று ஒப்புக்கொள்ளலாம். "பழைய கிராஃப்களையும் கொண்டுவாருங்கள்" என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வருகிற மாதத்து வேலைக்குத்தான் சம்பளம். இருபது வருஷத்து வேலையை அந்தச் சம்பளத்தில் சேர்த்து வாங்கப் பார்க்கிறார்கள். உங்கள் அப்பா போட்ட கிராஃப்களும் அந்தக் கட்டில் இருக்கும், இல்லையா?

அந்தக் கட்டிலும் எல்லாமே உங்களுடையது என்று நினைக்க வேண்டாம். கூலிக்கு இன்னொருவர் கேட்டுப் போட்ட டிசைனில், வடிவமைப்புச் சட்டப்படி உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். அவற்றை இன்னொரு கடைக்குக் கொண்டுபோனால் உங்கள் மேலேயே பிராது வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, கூலிக்குப் போட்டது ஒரு கட்டு, சொந்தமாகப் போட்டது ஒரு கட்டு என்று பிரியுங்கள். சொந்தக் கட்டுக்கு ஒரு பட்டியல் எடுத்து, "இவை வேலை ஒப்பந்தத்தில் சேராது" என்று பட்டியலையே ஒப்பந்தத்தோடு இணையுங்கள். கடைக்கு அதில் ஏதாவது வேண்டுமென்றால் டிசைனுக்குத் தனி விலை, இத்தனை சேலை வரை, இத்தனை வருஷம் என்று எழுதுங்கள். பதிப்புரிமையைக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாமல் விட்டால் 5 ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எழுதாததை எழுதியதாக யாராவது சொன்னால் இது உதவும். வேலையை விட்ட பிறகு வேறு யாருக்கும் டிசைன் போடக் கூடாது என்று ஒரு வரி இருந்தால் கலங்காதீர்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அந்த மாதிரித் தடையைச் செல்லாது என்கிறது. இதற்கெல்லாம் கடை ஒத்துக்கொண்டால் போய்ச் சேருங்கள். பட்டியலைப் பார்த்து முகம் சுளித்தால், அவர்களுக்கு வேண்டியது நீங்கள் இல்லை, அந்தக் கட்டுதான். அப்படியானால் போகாதீர்கள்.

மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. படம் வரைவது மலிவாகிவிட்டது, இன்னும் மலிவாகும். தாமரைக் கொடி ஒன்று வேண்டுமென்றால் கேட்ட நொடியில் வந்துவிடும். ஆனால் படம் வேறு, கிராஃப் வேறு. கிராஃபில் ஒரு கட்டம் நகர்ந்தால் தறியில் ஓர் இழை நகரும், ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. ஜரிகை கட்டில்லாமல் நீளமாக மிதந்தால் உடுத்துகிறவரின் வளையல் மாட்டி இழுத்துவிடும் என்று எந்த இடத்தில் இழையை அமுக்குவது, 240 கொக்கிக்குள் மயிலின் கழுத்து உடையாமல் வளைய எங்கே ஒரு கட்டம் விடுவது, கோர்வை சேரும் ஓரத்தில் பூ வெட்டுப்படாமல் எப்படி முடிப்பது, இதெல்லாம் இன்ஸ்டாகிராம் படத்தில் தெரியாது. உங்கள் கரையைக் காப்பி அடித்தவர்களால்கூட இதை எடுக்க முடிந்திருக்காது. காப்பியை வாங்கி வந்ததும் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், மொட்டின் வளைவு படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டித் தெரியும் என்று நினைக்கிறேன்.

அதனால் விலையை அங்கே வையுங்கள். இதுவரை "டிசைன் போட இவ்வளவு" என்று ஒரே தொகையாக வாங்கினீர்கள். இனி வரைவதற்கு ஒன்று, யார் கொண்டுவரும் படத்தையும் தறிக்கு ஏற்றபடி கிராஃபாக மாற்றித் தருவதற்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். ஏஐயில் படம் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இனி அதிகமாவார்கள். அவர்கள் எல்லோரும் இரண்டாவது வேலைக்கு உங்களிடம்தான் வர வேண்டும். மகனுக்கும் இதில் வேலை இருக்கிறது. கணக்கு படிக்கிற பையன், விண்ணப்பம், பட்டியல், பில் எல்லாவற்றையும் அவனே பார்க்கலாம்.

யாருக்கும் காட்டாத சொந்த டிசைன் ஏதாவது வீட்டில் இருக்குமென்று நம்புகிறேன். அதில் உங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்றை எடுத்து இந்த வாரமே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். சேலை நெய்திருக்க வேண்டும் என்று இல்லை, சேலையில் அது எப்படி அமையும் என்று காட்டும் தெளிவான வரைபடம் போதும். கரை, உடல், முந்தி மூன்றும் தெரிய வேண்டும். பழைய கோபுரமோ ருத்ராட்சமோ அதில் இருந்தால் மறைக்காதீர்கள். எது புதிது என்று கேட்கும் இடத்தில் உங்கள் பூவை மட்டும் சொல்லுங்கள். விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை அந்தச் சுருள் பீரோவிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அறிவுசார் சொத்துரிமை வழக்கறிஞர், சென்னை